முதல் சந்திப்பும் சினிமாப் பேச்சும்: வேலூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊரில் 'டேட்டிங்' என்ற சொல் இன்னும் பலர் வாயில் சரியாக உட்காரவில்லை. 'மீட் பண்ணப் போறேன்' என்பார்கள், 'சும்மா ஒரு டீ' என்பார்கள். சொல் எதுவானாலும் பயம் ஒன்றுதான்: போய் உட்கார்ந்து என்ன பேசுவது? சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தம்பி தங்கைகளும், ராணிப்பேட்டையில் என்னோடு வேலை செய்யும் இளையவர்களும் சில ஆண்டுகளாக என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கு மேல் சினிமாவில்தான் வந்து நிற்கின்றன. வீட்டில் பார்த்த பெண்ணையோ பையனையோ நிச்சயத்துக்கு முன் ஒரு முறை தனியாகச் சந்திக்கிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் சந்திப்புக்கே படத்துக்குப் போகலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். இரண்டரை மணி நேரம் இருட்டில், முகம் பார்க்காமல், பக்கத்துக் கைப்பிடியில் கை படுமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பது சந்திப்பே ஆகாது. நடுவில் இடைவேளை பத்துப் பதினைந்து நிமிடம். அதிலும் பாதி பாப்கார்ன் வரிசையில் போய்விடும். முதல் முறை ஒரு மணி நேரம் பேசுங்கள். இரண்டாவது முறை படம்.

ஆனால் இருவருமே மிகவும் கூச்ச சுபாவம் என்றால் படம் ஒரு ஊன்றுகோல். அப்படிப் போவதானால் பகல் காட்சிக்குப் போங்கள். முடிந்து வெளியே வரும்போது மாலை வெளிச்சம் இருக்கும், ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும். உண்மையான சந்திப்பு அந்த டீக்கடையில்தான் தொடங்கும். இரவுக் காட்சி முடிந்து வந்தால் ஆளுக்கொரு பக்கம் வண்டியைத் தேடி ஓட வேண்டியதுதான். டிக்கெட் எடுக்கும் முன் அவரிடம் படத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழையும் ஒரு முறை பாருங்கள். இப்போது யு/ஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். ரத்தம் தெறிக்கிற படத்தில் முதன்முதலாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இருவருக்குமே சங்கடம்.

வேலூரில் எங்கே உட்கார்ந்து பேசுவது? எங்கே திரும்பினாலும் தெரிந்த முகம்.

இந்தப் பயம் நியாயமானது. காந்தி ரோட்டில் நடந்தால் அத்தை, ஆபிஸர்ஸ் லைனில் நின்றால் அப்பாவின் நண்பர். ஒளிந்துகொள்ள இடம் தேடினால் அது இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் பேச முடிகிற இடம் போதும்.

எனக்குப் பிடித்தது கோட்டை. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அரசு அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பேச்சு நின்றுபோனால் எழுந்து நடக்கலாம், நடந்தால் பார்க்க ஏதாவது இருக்கும். கோயிலில் நுழைந்ததும் இருக்கும் கல்யாண மண்டபத்தின் தூண் சிற்பங்கள் முன்னால் கால் மணி நேரம் நின்றால் பத்துக் கேள்வி தானாக வரும். வெயில் நேரத்தைத் தவிர்த்து விடுங்கள். சித்திரை வைகாசியில் நாலு மணிக்கு வரச் சொன்னால், வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஊருக்குத் திரும்பிவிடுவார். ஐந்தரைக்குச் சந்தித்து, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது.

ஏலகிரி இப்போது வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவுகளும் அவற்றுக்கு வைத்திருக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களும் அழகுதான். ஆனால் முதல் முறை பார்க்கிற ஒருவரை வண்டியில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போவது அவர் நினைத்த நேரத்தில் வீடு திரும்பும் வழியை அடைப்பது. பெண்களுக்கு இது பெரிய விஷயம். பஸ் கிடைக்கிற இடத்தில் சந்தியுங்கள். எங்கே, யாரோடு இருக்கிறீர்கள் என்று ஒரு நெருங்கிய தோழியிடமோ நண்பனிடமோ இருவருமே சொல்லிவிட்டு வாருங்கள்.

'உங்களுக்கு என்ன படம் பிடிக்கும்?' என்று கேட்டேன். 'எல்லாம் பார்ப்பேன்' என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

'என்ன படம் பிடிக்கும்' என்பது விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் கேள்வி மாதிரி. கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு ஒரு பரீட்சை பயம் வந்துவிடும். எந்தப் பெயரைச் சொன்னால் ரசனை இல்லாதவர் என்று நினைப்பார்களோ என்று யோசித்து, பாதுகாப்பாக 'எல்லாம் பார்ப்பேன்' என்பார். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

அதற்குப் பதிலாக இதைக் கேட்டுப் பாருங்கள்: 'சின்ன வயசுல தியேட்டர்ல பார்த்த முதல் படம் ஞாபகம் இருக்கா? யார் கூட்டிட்டுப் போனாங்க?'

நம் வீடுகளில் சினிமா நினைவு என்பது குடும்ப நினைவு. யாரும் தனியாகப் படம் பார்த்து வளரவில்லை. தீபாவளிக்கு மாமா வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது, டிவியில் மதியப் படம் ஓடும்போது பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது, மின்சாரம் போய் கிளைமாக்ஸ் பார்க்காமலே தூங்கியது, இவைதான் வெளியே வரும். படத்தின் பெயர் அவருக்கு மறந்தே போயிருக்கலாம். ஆனால் அப்பா தோளில் தூக்கிக்கொண்டது நினைவிருக்கும். ஐந்து நிமிடத்தில் அவர் வீட்டில் யார் கண்டிப்பு, யார் செல்லம், யார் இப்போது இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். நேராகக் கேட்டால் ஒருபோதும் சொல்லமாட்டார்.

அடுத்து, 'எந்த சீன்ல அழுதீங்க?' என்று கேட்கலாம். அவர் சொன்னால் நீங்களும் உங்களுடையதைச் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம். ஆண்கள் இங்கே 'நான்லாம் அழமாட்டேன்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது நீங்கள் உங்கள் கதவைச் சாத்துவதாகிவிடும்.

முழுக் கதையையும் சொல்லலாமா?

நாகேஷ் அளவுக்குச் சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் டி.எஸ்.பாலையாவிடம் கதை சொல்லும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி போட்டு பாலையாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண் எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது! கேட்கிறவர் அப்படிக் கலந்துகொண்டால்தான் கதை சொல்வதில் அர்த்தம் உண்டு.

என் மனைவியை முதன்முதலில் சந்தித்தபோது நான் இதைச் செய்யத் தவறினேன். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கோட்டை அகழி ஓரமாக நடந்தபடி, அந்த வாரம் வெளியான ஒரு படத்தின் கதையை முதல் காட்சியிலிருந்து வில்லன் யார் என்பது வரை இருபது நிமிடம் சொன்னேன். அவள் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. முடித்ததும் மெதுவாகச் சொன்னாள், 'நாளைக்கு அந்தப் படத்துக்கு அக்காவோட டிக்கெட் எடுத்திருக்கேன்.' இன்று நினைத்தாலும் மனம் சுருங்குகிறது. படம் கெட்டுப்போனதைவிட, இருபது நிமிடமும் அவள் அதைச் சொல்ல இடம் தேடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் வலி. மன்னிப்புக் கேட்டேன். பிறகு அன்று மாலை முழுக்க அவளைப் பேச விட்டேன்.

கதை சொல்லும் முன் 'பார்த்துட்டீங்களா, பார்க்கப் போறீங்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் இரண்டு வரி போதும்.

நான் பெண். அவர் சினிமாவைப் பற்றியே பேசுகிறார், கேமரா கோணம், வசூல் கணக்கு என்று. எனக்கு வாய் திறக்கவே இடமில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா?

ஒரு முறை வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள்: 'நான் ஒண்ணு சொல்லட்டுமா?' பதற்றத்தில் பேசுகிறவர் என்றால் உடனே நிறுத்திவிட்டு, 'ஐயோ சாரி, சொல்லுங்க' என்பார். முகமும் சிவக்கும். அவர் நல்ல மனிதர், இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். நீங்கள் இரண்டு வாக்கியம் சொன்னதும் 'அது சரி, ஆனா...' என்று மறுபடி வசூல் கணக்குக்கே போகிறவர் என்றால், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் இருப்பார்.

நான் விஜய், அவர் அஜித். சண்டை வருமா?

அஜித்தே 2021-இல் தன்னைத் 'தல' என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வேண்டாம் என்ற பட்டத்துக்காக நீங்கள் ஏன் டீக்கடையில் குரலை உயர்த்த வேண்டும்? அவருக்குப் பிடித்த நடிகரின் நல்ல காட்சி ஒன்றை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

கடலை போடுவதற்கும் வழிவதற்கும் என்ன வித்தியாசம்?

கடலை இரண்டு பேர் சேர்ந்து கொறிப்பது. வழிசல் ஒருவர் மட்டும் செய்வது. இப்படித்தான் நான் புரிந்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்று சொல்ல, அவர் திருப்பி உங்களைக் கலாய்க்க, நீங்கள் சிரித்து இன்னொன்று சொல்ல, பேச்சு பந்து மாதிரி போய் வருகிறது என்றால் அது கடலை. அதில் தப்பே இல்லை, மனசுக்கு அவ்வளவு சுகம். நீங்கள் மூன்று முறை பந்து போட்டும் அவர் 'ம்', 'ஓ', 'ஆமா' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனை எடுத்துப் பார்க்கிறார் என்றால், நான்காவது பந்து வழிசல். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தி, சாதாரணமாக, 'டயர்டா இருக்கீங்களா? கிளம்பலாமா?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காகவே பிறகு மனம் மாறிப் பேசியவர்களை எனக்குத் தெரியும். மாறாதவர்களும் உண்டு. அதுவும் சரிதான்.

கலாய்ப்பதிலும் ஒரு வரம்பு வேண்டும். அவர் மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன விஷயத்தைக் கலாய்க்கலாம், டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போடுவது மாதிரி. நிறம், எடை, வீடு, சம்பளம், சாதி, பேச்சுத் திக்கல் இவற்றின் பக்கமே போகக் கூடாது.

'அழகா இருக்கீங்க' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் தப்பாகிவிடுமா?

நேராக, ஒரு முறை சொல்லுங்கள். அப்புறம் பேச்சை மாற்றிவிடுங்கள். அந்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பதுதான் சங்கடம். அவர் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பாராட்டுவது இன்னும் எளிது. 'இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கு', 'நீங்க கதை சொல்ற விதம் பிடிச்சிருக்கு'. உடம்பை அளவெடுக்கிற பாராட்டு வேண்டாம்.

இன்னொன்றும் வேண்டாம். நம் ஊரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஊர்ப் பெண்களின் அழகைக் குறை சொல்லி முடிப்பார்கள். அதைச் சொல்லிவிட்டு 'ஆனா நீங்க விதிவிலக்கு' என்று சேர்த்தால் பாராட்டாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் அம்மாவையும் அக்காவையும் தோழிகளையும் ஒரே மூச்சில் தாழ்த்திவிட்டு அவரை மட்டும் உயர்த்தினால் எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? அந்தச் சொலவடை பொய்த்தும் போய்விட்டது. கோட்டைக் கோயிலில் 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் வைத்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம்.

பட வசனத்தைப் பேசிக் கவரலாமா? ஹீரோக்கள் பின்னாலேயே போய்த்தானே ஜெயிக்கிறார்கள்?

ஒரு வசனத்தைச் சிரிப்புக்காகச் சொல்வதில் தப்பில்லை, இருவருக்கும் அந்தப் படம் தெரிந்திருந்தால். உங்கள் மனதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் கடன் வாங்காதீர்கள். யாரோ எழுதிக்கொடுத்ததை ஒரு நடிகர் பேசியது அது. 'எனக்கு உங்களோட பேசினது பிடிச்சிருந்தது, மறுபடி பார்க்கலாமா?' என்ற உங்கள் சொந்த வரியைத் திக்கித் திணறிச் சொன்னாலும் அதற்கு மதிப்பு அதிகம்.

பின்னால் போவது வேறு விஷயம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவர் வேண்டாம் என்ற பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்பது, திரும்பத் திரும்ப அழைப்பது, சமூக ஊடகத்தில் கண்காணிப்பது குற்றம். 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று இதற்கெனவே ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவாக இருக்கிறது. திரையில் மூன்றாவது பாட்டுக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். நிஜத்தில் அவள் கல்லூரிக்கு வழி மாற்றிக்கொண்டு போகிறாள், சில நேரம் படிப்பையே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

என் பேச்சில் 'இன்னா', 'கீது' வந்துவிடுகிறது. அவர் சென்னையில் படித்தவர். மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். மாற்றிப் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அரை நொடி யோசிப்பீர்கள், அந்த அரை நொடியில் உங்கள் இயல்பு போய்விடும். வட ஆற்காட்டுப் பேச்சு நம் பாட்டி பேசியது. 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள், பேச்சு பிரியவில்லை. புரியாத சொல் வந்தால் அவரே கேட்பார். விளக்கிச் சொல்லும்போது இன்னொரு ஐந்து நிமிடப் பேச்சு கிடைக்கும்.

அவர் மலையாளி, சிஎம்சியில் வேலை. தமிழ்ப் படம் அதிகம் தெரியாது.

வேலூரில் இது அடிக்கடி நடக்கும். மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் நாடு முழுக்க உள்ளவர்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. இரண்டு மொழியிலும் வந்த ஒரே கதையைப் பிடியுங்கள். 2013-இல் மலையாளத்தில் 'திருஷ்யம்' எடுத்த ஜீத்து ஜோசப்தான் 2015-இல் தமிழில் 'பாபநாசம்' எடுத்தார். அவர் மோகன்லாலுக்காக வாதாடுவார், நீங்கள் கமலுக்காக வாதாடுவீர்கள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பணம் கொடுப்பது?

அழைத்தவர். அடுத்த முறை மற்றவர். பில் வந்ததும் பத்து நிமிடம் இழுபறி வேண்டாம்.

நான் சொன்ன ஜோக்குக்கு அவர் சிரிக்கவே இல்லை. இனி எப்படி முகத்தில் விழிப்பது?

காட்பாடியைத் தாண்டி, பொன்னை போகும் பக்கம் வள்ளிமலை இருக்கிறது. வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று நாம் சொல்லும் மலை. கந்தபுராணத்தில் முருகன் அங்கே முதலில் வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கிறான், வள்ளி மசியவில்லை. அவள் அப்பா நம்பிராஜன் வந்ததும் சட்டென்று வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். பிறகு கிழவனாக வந்து பசிக்கிறது என்று தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டு, தண்ணீர் கேட்டு நிற்கிறான். சூரனை வென்றவனுக்கே தினைப்புனத்தில் பேச்சு உடனே கைகூடவில்லை. அந்தக் கதையை நம் பாட்டிமார்கள் அவ்வளவு ஆசையாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாறுவேடமும், கடைசியில் முருகன் செய்தது போல அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து மிரட்டுவதும் நமக்கு ஆகாது. நம்மால் முடிந்தது, 'ஜோக் சரியா வரல, விடுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவது. விளக்கம் கொடுத்து அதே ஜோக்கை மறுபடி சொல்லாதீர்கள். பெரும்பாலும் அவரும் தான் என்ன பேசுவது என்ற பதற்றத்தில் இருப்பார், உங்கள் ஜோக்கைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டார்.

பேச்சே நின்றுபோய் அமைதியாகிவிட்டால்?

இரண்டு மிடறு டீ குடிக்கும் நேரம் சும்மா இருங்கள். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படும்போதுதான் பழைய காதல், சம்பளம், 'எத்தனை குழந்தை வேணும்' என்றெல்லாம் வாய் தவறும். அகழித் தண்ணீரை இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அதன் பிறகு, அவர் முன்பு சொன்ன ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள்: 'பாட்டி கூடப் படம் பார்த்தேன்னு சொன்னீங்களே, அவங்க இப்ப உங்க கூடத்தான் இருக்காங்களா?' நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது அவருக்கு அப்போது தெரியும்.

வீட்டுக்குப் போனதும் என்ன மெசேஜ் அனுப்புவது? எப்போது?

அன்றைக்கே, பஸ் போய்ச் சேரும் நேரம் கணக்குப் பார்த்து, 'வீட்டுக்குப் போய்ட்டீங்களா?' என்று ஒன்று. மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், அது அவரைத் தூங்கவிடாமல் செய்வது. பத்து மணிக்கு மேல் வேண்டாம். நம் வீடுகளில் எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்திருப்போம், இருட்டில் போன் வெளிச்சம் எல்லார் கண்ணிலும் படும்.

மறுநாள், அவர் பேச்சில் வந்த படத்தில் ஒன்றை நீங்கள் பார்த்ததில்லை என்றால், பார்த்துவிட்டு எந்த இடம் பிடித்தது என்று எழுதுங்கள். என் மனைவி மறுநாள் அக்காவோடு அந்தப் படத்துக்குப் போனாள். இடைவேளையில் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது: 'நீங்க சொன்னதுல பாதி தப்பு. இப்படி இல்லவே இல்ல கதை.'